சின்ன வண்டி, செங்குத்து மலை



சில ஆண்டுகளுக்கு முன், நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக எங்கள் கல்லூரி மாணவர்களுடன் ஜவ்வாது மலையில் உள்ள ஒரு சிற்றூருக்குச் சென்றிருந்தேன். முதல் நாள் இரவு நல்ல மழை. ஊருக்குச் செல்லும் மண்பாதை கணுக்கால் அளவு சேறாகிக் கிடந்தது. எங்களை ஏற்றி வந்த பேருந்து அடிவாரத்திலேயே நின்றுவிட்டது. அரிசி மூட்டைகளையும் மருந்துப் பெட்டியையும் மேலே கொண்டு சென்றது, நான்கு சக்கரங்களும் இழுக்கும் ஒரு சிறிய பழைய வண்டிதான். உறுமிக்கொண்டு, நடை வேகத்தில், சேற்றையும் பாறையையும் மிதித்து அது ஏறிய அழகைக் கண்டு மாணவர்கள் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் மாலை அதே வண்டி தார்ச்சாலையில் கீழே இறங்கியது. முன் இருக்கையில் நான் இருந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. “கொஞ்சம் மெதுவாகப் போங்கள் தம்பி” என்றேன். “பயப்படாதீங்க சார். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி, வழுக்கவே வழுக்காது” என்றார் ஓட்டுநர். அடுத்த வளைவில் வண்டி வழுக்கிற்று. சாலையோரத் தடுப்புச் சுவரில் மோதி நின்றது. ஓட்டுநருக்கு மணிக்கட்டு முறிந்தது. எனக்கு நெற்றியில் நான்கு தையல். சுவருக்கு அப்பால் இருந்த பள்ளத்தை இன்று நினைத்தாலும் உடல் நடுங்குகிறது.

சேற்றில் வழுக்காத வண்டி, நல்ல தார்ச்சாலையில் ஏன் வழுக்கியது? ஓட்டுநர் பொய் சொல்லவில்லை. அவர் அறிந்தது பாதி உண்மை. மீதிப் பாதியை உங்கள் இயற்பியல் பாடநூலில் உள்ள நாலைந்து விதிகளைக் கொண்டே நாம் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு, அதன் பலத்தையும் பலவீனத்தையும் தராசில் வைத்துப் பார்ப்போம். உலகெங்கும் பலர் அறிந்த சிறு மலை வண்டியான சுசுகி ஜிம்னியையே எடுத்துக்கொள்வோம். (நான் பயணம் செய்தது ஜிம்னி அன்று, வேறொரு வண்டி. ஆனால் விதிகள் எல்லா வண்டிக்கும் ஒன்றே.)

ஒரு சிறு வரலாறு

ஜப்பானில் ஹோப் மோட்டார் என்ற சிறு நிறுவனம் வடிவமைத்த ஒரு வண்டியின் உரிமையை 1968-இல் சுசுகி நிறுவனம் வாங்கியது. அதைத் திருத்தி அமைத்து 1970-இல் முதல் ஜிம்னியை வெளியிட்டது. அதன் எஞ்சின் வெறும் 359 கன செ.மீ. கொள்ளளவு உடையது, திறன் 25 குதிரைத் திறன். இன்று நம் ஊரில் ஓடும் சில மோட்டார் சைக்கிள்களின் எஞ்சின்கூட அதைவிடப் பெரியது!

1981-இல் இரண்டாம் தலைமுறை வந்தது. அதன் இந்திய உறவுதான் 1985-இல் வெளிவந்த மாருதி ஜிப்ஸி. முதலில் 970 கன செ.மீ. எஞ்சினுடனும், 1996 முதல் 1.3 லிட்டர் எஞ்சினுடனும் அது ஓடிற்று. இராணுவத்திலும் காவல் துறையிலும் வனத் துறையிலும் அதை நீங்கள் பார்த்திருக்கலாம். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த, மாற்றியமைக்கப்பட்ட ஒரு சுசுகி சமுராய் வண்டி, 2007 ஏப்ரலில் சிலி நாட்டின் ஓஹோஸ் டெல் சலாடோ எரிமலையில் 6,688 மீட்டர் உயரம் வரை ஏறிச் சாதனை படைத்தது. பின்னாளில் பெரிய வண்டிகள் அந்தச் சாதனையை முறியடித்தன என்றாலும், ஒரு சின்ன வண்டி அங்கே முதலில் நின்றது என்பதை மறக்க முடியாது.

நான்காம் தலைமுறை ஜிம்னி 2018-இல் ஜப்பானில் வெளிவந்தது. அதை நீட்டி ஐந்து கதவுகள் வைத்த வடிவம் 2023-இல் இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. குருகிராமில் உற்பத்தியான இந்த வடிவம் பின்னர் ஜப்பானுக்கே ஏற்றுமதி ஆயிற்று. இனி நம் கணக்குகளுக்கு இந்த ஐந்து கதவு வண்டியின் அளவுகளையே எடுத்துக்கொள்வோம். எடை சுமார் 1,200 கிலோகிராம். எஞ்சின் 1,462 கன செ.மீ. அகலம் 1,645 மி.மீ. தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி 210 மி.மீ.

சின்ன எஞ்சின் எப்படி மலை ஏறுகிறது?

இந்த எஞ்சின் தரும் பெரும முறுக்குவிசை சுமார் 134 நியூட்டன்-மீட்டர். பெரிய மலை வண்டிகள் பலவற்றின் டீசல் எஞ்சின்கள் இதைப் போல் இரண்டு மடங்கும் அதற்கு மேலும் தருவன. அப்படியானால் இது எப்படி ஏறும்?

கிணற்றில் நீர் இறைக்கும் கப்பியையும், பாரம் தூக்கும் நெம்புகோலையும் நினைத்துக்கொள்ளுங்கள். வேகத்தை விட்டுக்கொடுத்தால் விசையைப் பெறலாம். வண்டியில் அந்த வேலையைச் செய்வன கியர்கள். சாதாரணக் காரில் உள்ள கியர்ப் பெட்டியோடு, இதில் இன்னொரு சிறு கியர்ப் பெட்டியும் உண்டு. அதில் தாழ்நிலை என்ற ஒன்றைத் தேர்ந்தால் வேகம் பாதியாகும்; முறுக்குவிசை இரு மடங்காகும்.

கணக்கைப் பாருங்கள். முதல் கியரில் சுமார் 4.4 மடங்கு, தாழ்நிலையில் 2 மடங்கு, அச்சில் உள்ள பல்சக்கரங்களில் சுமார் 4.1 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 36. எனவே சக்கரங்களுக்குக் கிடைக்கும் முறுக்குவிசை 134 × 36 = 4,824 நியூட்டன்-மீட்டர். சக்கரத்தின் ஆரம் சுமார் 0.35 மீட்டர். ஆகவே தரையைப் பின்னோக்கித் தள்ளும் விசை 4,824 ÷ 0.35, அதாவது சுமார் 13,800 நியூட்டன். பல்சக்கர உராய்வில் கொஞ்சம் வீணாகும் என்று கழித்துக்கொண்டாலும், சுமார் 12,000 நியூட்டன் மிஞ்சும்.

இனி வண்டியின் எடையைக் கணக்கிடுங்கள்: 1,200 × 9.8 = 11,760 நியூட்டன். பார்த்தீர்களா? தன் முழு எடைக்கு நிகரான விசையை அந்தச் சின்ன எஞ்சின் தர முடிகிறது!

இதற்குக் கொடுக்கும் விலை வேகம். எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றுச் சுற்றினால் சக்கரம் சுமார் 22 சுற்றுத்தான் சுற்றும். வண்டி மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஊரும். தலையில் விறகுக் கட்டோடு செல்லும் ஒருவர் அதை முந்திவிடுவார். பாறைகளின்மேல் அந்த வேகம்தான் வேண்டும்.

இறக்கத்திலும் இதே கியர் உதவுகிறது. ஆட்களுடன் 1,500 கிலோ எடையுள்ள வண்டி 1,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கினால், அது இழக்கும் நிலையாற்றல் சுமார் 147 லட்சம் ஜூல். 30 டிகிரி வெப்பநிலையில் உள்ள 50 லிட்டர் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும். இவ்வளவு வெப்பமும் பிரேக்குகளில் மட்டுமே சேர்ந்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்ந்த கியரில் இறங்கினால், எஞ்சினே ஒரு தடையாக நின்று அந்த ஆற்றலின் பெரும் பகுதியை விழுங்கிவிடும். பெட்ரோல் மிச்சம் என்று கியரை விலக்கிவிட்டு மலை இறங்குவோர் உண்டு. அவர்கள் மிச்சப்படுத்துவது சில ரூபாய். பணயம் வைப்பது உயிர்.

நான்கு சக்கர இழுப்பு

எஞ்சினில் விசை இருந்தால் மட்டும் போதுமா? தரை அதைத் தாங்க வேண்டுமே! டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள உராய்வுதான் வண்டியை முன்னே நகர்த்துகிறது. எண்ணெய் தடவிய தரையில் ஒரு மல்லனை நிறுத்தி வண்டியைத் தள்ளச் சொன்னால், அவன் பலம் என்ன ஆகும்? கால் வழுக்கும்.

உராய்வின் பெரும அளவு = உராய்வுக் கெழு × சக்கரத்தின் மேல் உள்ள பாரம். ஈர மண்ணில் உராய்வுக் கெழு 0.4 என்று கொள்வோம். நான்கு சக்கரங்களும் இழுத்தால் வண்டியின் முழுப் பாரமும் பயன்படும். அப்போது ஏறக்கூடிய பெருமச் சரிவின் டான் மதிப்பு 0.4, கோணம் சுமார் 22 டிகிரி. இரண்டு சக்கரங்கள் மட்டும் இழுத்தால் ஏறத்தாழப் பாதிப் பாரமே பயன்படும். டான் மதிப்பு 0.2, கோணம் சுமார் 11 டிகிரி. (சரிவில் பின் சக்கரங்களுக்குச் சற்றுக் கூடுதல் பாரம் விழும் என்பதை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.)

ஆக, நான்கு சக்கர இழுப்பு புதிதாக உராய்வை உண்டாக்குவதில்லை. ஏற்கெனவே இருக்கும் உராய்வை வீணாக்காமல் பயன்படுத்துகிறது, அவ்வளவுதான். இந்த வாக்கியத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் முடிவில் இது மீண்டும் தேவைப்படும்.

இளைத்தவனுக்கு ஓர் ஆதாயம்

வண்டி கனமாக இருந்தால் உராய்வு மிகும் அல்லவா, அது நல்லதுதானே என்று கேட்பீர்கள். கனம் கூடினால் வண்டியைக் கீழே இழுக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடும். மேலே நாம் போட்ட சரிவுக் கணக்கில் எடையே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கெட்டியான தரையில் கனத்த வண்டிக்கு ஆதாயம் ஒன்றும் இல்லை.

மணலிலும் சேற்றிலும் கனம் பகையாகிறது. ஒவ்வொரு சக்கரத்தின் மேலும் 300 கிலோ பாரம் இருக்கிறது. டயரில் காற்றழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 18 நியூட்டன் என்றால், டயர் தரையைத் தொடும் பரப்பு 2,940 ÷ 18, அதாவது சுமார் 163 சதுர செ.மீ. ஓர் அஞ்சலட்டையைவிடச் சற்றுப் பெரிது. காற்றைப் பாதியாகக் குறைத்தால் பரப்பு இரு மடங்காகும். தரையின் மேல் அழுத்தம் பாதியாகும். வண்டி மணலில் புதையாது. ஒட்டகத்தின் பாதம் ஏன் அகன்றிருக்கிறது என்பதற்கும் இதுவே விடை. 2,400 கிலோ வண்டி இதே டயர்களில் நின்றால், அழுத்தமும் இரட்டிப்பாக வேண்டும். அல்லது டயர் பெரிதாக வேண்டும்.

இன்னொரு சேதி: 1,200 கிலோ வண்டி சேற்றில் சிக்கினால் ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து தள்ளி வெளியேற்றிவிடலாம். இரண்டு பாறைகளுக்கு நடுவே 1.8 மீட்டர் இடைவெளி இருந்தால் இது நுழைந்துவிடும். அகன்ற வண்டி திரும்பிச் செல்ல வேண்டும்.

காற்றில் தொங்கும் சக்கரம்

கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல் அந்தரத்தில் தொங்குவதுண்டு. இங்கே ஒரு விந்தையைக் காணலாம். அச்சின் நடுவில் டிஃபரென்ஷியல் என்ற பல்சக்கரத் தொகுதி இருக்கிறது. வளைவில் வெளிச்சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். உட்சக்கரம் குறைவாக ஓட வேண்டும். அதற்கு வழிவிடுவதே இதன் வேலை. ஆனால் இது இரு சக்கரங்களுக்கும் சமமான முறுக்குவிசையைத்தான் தரும். தொங்கும் சக்கரத்தைச் சுழற்ற விசையே வேண்டாம். அதனால் தரையில் உள்ள மற்றச் சக்கரத்துக்கும் விசை கிடைக்காது! ஒன்று சும்மா சுழல, மற்றது அசையாமல் நிற்கும்.

ஜிம்னியில் இதற்கு ஒரு தந்திரம் செய்திருக்கிறார்கள். சும்மா சுழலும் சக்கரத்தை மின்னணுக் கருவி கண்டுபிடித்து, அதை மட்டும் பிரேக்கால் பிடிக்கிறது. பிடித்த சக்கரத்தைச் சுழற்ற விசை தேவைப்படுகிறது. அதே அளவு விசை எதிர்ச் சக்கரத்துக்கும் போகிறது. வண்டி நகர்கிறது.

மேலும், இதன் இரண்டு சக்கரங்களையும் இணைப்பது ஒரே உறுதியான அச்சு. ஒரு சக்கரம் பாறைமேல் ஏறி உயர்ந்தால், அச்சு தராசுக் கோல்போல் சாய்ந்து, மறு சக்கரத்தைக் கீழே தரையோடு அழுத்துகிறது. இவற்றையெல்லாம் தாங்குவது ஏணி வடிவில் அமைந்த இரும்புச் சட்டம். மலைப் பாதையில் இவை பெரும் பலங்கள்.

தராசின் மறு தட்டு

நண்பர்களே, இதுவரை பலங்களைக் கண்டோம். இனி மறு தட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். ஒவ்வொரு பலவீனமும் மேலே கண்ட ஏதாவது ஒரு பலத்திலிருந்தே பிறப்பதைக் கவனித்து வாருங்கள்.

முதலாவது, உறுதியான அச்சு. பாறையில் உதவிய அதே அச்சு, தார்ச்சாலையில் ஒரு சிறு குழியில் ஒரு சக்கரம் இறங்கினாலும் மறு சக்கரத்தையும் அசைக்கிறது. அச்சு கனமானது; ஆகவே அதற்கு நிலைமமும் அதிகம். ஸ்பிரிங் அதை உடனே அடக்கிவிட முடிவதில்லை. உள்ளே இருப்பவர்கள் ஆடிக்கொண்டே செல்ல வேண்டியதுதான்.

இரண்டாவது, நான்கு சக்கர இழுப்பு. ஜிம்னியில் முன் அச்சும் பின் அச்சும் இந்நிலையில் இறுகப் பிணைக்கப்பட்டு ஒரே வேகத்தில் சுழல்கின்றன. வளைவில் திரும்பும்போது முன் அச்சு பெரிய வட்டத்தில் செல்கிறது; பின் அச்சு சிறிய வட்டத்தில் செல்கிறது. பித்தகோரஸ் தேற்றத்தால் வேறுபாட்டைக் கண்டுபிடிக்கலாம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைத்தூரம் 2.59 மீட்டர். பின் அச்சின் நடுப்புள்ளி 4.4 மீட்டர் ஆரத்தில் சுற்றினால், முன் அச்சின் நடுப்புள்ளி சுற்றும் ஆரம் 5.1 மீட்டர். ஒரு முழுச் சுற்றில் வேறுபாடு 2 × 3.14 × 0.7, ஏறத்தாழ 4.4 மீட்டர்! சேற்றில் சக்கரம் சற்று வழுக்கி இதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. எனவே அச்சுகளும் பல்சக்கரங்களும் முறுக்கிக்கொண்டு தேயும். ஆகையால் சாலைக்கு வந்ததும் இரு சக்கர இழுப்புக்கு மாற்றிவிட வேண்டும். பெருமைக்காக எப்போதும் நான்கில் ஓட்டுபவர் தம் வண்டியைத் தாமே உடைக்கிறார்.

மூன்றாவது, பெட்டி போன்ற வடிவம். அடர்ந்த பாதையில் வண்டியின் மூலைகள் நன்றாகத் தெரிவதற்கு இது உதவும். ஆனால் காற்றின் தடை வேகத்தின் இருமடியாக உயர்கிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் உள்ள தடையைப் போல் 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 2.8 மடங்கு. அதை வெல்லத் தேவையான திறனோ 4.6 மடங்கு. நெடுஞ்சாலையில் ஒரு பேருந்தை முந்த நினைக்கும்போது, சிறு எஞ்சின் மூச்சு வாங்குவது இதனால்தான்.

நான்காவது, எடைக் குறைவு. மணலில் வரமாக இருந்தது மோதலில் சாபமாகலாம். 1,200 கிலோ வண்டியும் 2,400 கிலோ வண்டியும் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் நேருக்கு நேர் மோதி ஒட்டிக்கொள்கின்றன என்று வைத்துக்கொள்வோம். உந்த அழிவின்மை விதிப்படி இரண்டும் பெரிய வண்டி சென்ற திசையில் மணிக்கு சுமார் 17 கி.மீ. வேகத்தில் நகரும். பெரிய வண்டியின் வேக மாற்றம் 33 கி.மீ.; சிறிய வண்டியின் வேக மாற்றம் 67 கி.மீ. காயப்படுத்துவது இந்த மாற்றந்தான். ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு 2018-இல் மூன்று கதவு ஜிம்னியைச் சோதித்து, ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் வழங்கியது.

உயரத்தின் விலை

மலை வண்டி உயரமாக நிற்க வேண்டும். பாறையில் அடி தட்டாமல் இருக்க வேறு வழியில்லை. ஆனால் உயர்ந்த பொருள் எளிதில் கவிழும். புவியீர்ப்பு மையத்திலிருந்து கீழே இறங்கும் குத்துக்கோடு, சக்கரங்களுக்கு இடையே விழும் வரை வண்டி நிற்கும். வெளியே விழுந்தால் கவிழும்.

இடது வலது சக்கரங்களுக்கு இடைத்தூரம் சுமார் 1.4 மீட்டர். அதில் பாதி 0.7 மீட்டர். கணக்குக்காகப் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தையும் 0.7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் கிடைப்பது 1. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு இந்த எண்ணையே வண்டிகளின் நிலைப்பை மதிப்பிடும் காரணியாகக் கொள்கிறது. பெரும்பாலான சாதாரணக் கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை, உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் குறையக் குறையக் கவிழும் வாய்ப்பு மிகும்.

இனி, கூரைமேல் 100 கிலோ மூட்டையை ஏற்றிக் கட்டுங்கள். அதன் மையம் 1.85 மீட்டர் உயரத்தில் இருக்கட்டும். புவியீர்ப்பு மையம் 0.7 மீட்டரிலிருந்து சுமார் 0.79 மீட்டருக்கு உயர்கிறது. நம் எண் 1-இலிருந்து 0.89-க்கு இறங்குகிறது. ஒரு மூட்டை செய்த வேலை!

1988-இல் அமெரிக்காவின் கன்ஸ்யூமர்ஸ் யூனியன் என்ற நுகர்வோர் அமைப்பு, திடீர்த் திருப்பச் சோதனையில் சுசுகி சமுராய் எளிதில் கவிழக்கூடியது என்று அறிவித்தது. நிறுவனம் அதை மறுத்தது. 1996-இல் வழக்குத் தொடுத்தது. 2004-இல் இரு தரப்பும் சமரசம் செய்துகொண்டன. அந்த வாதத்தில் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. உயரமும் அகலமும் சேர்ந்த ஒரு பின்னம், நீதிமன்றம் வரை போகும் அளவுக்குப் பெரிய செய்தி என்பதை மட்டும் அறிந்துகொள்வோம்.

34 சென்டிமீட்டர் பேரம்

பலமும் பலவீனமும் கைமாறுவதை நேரே காண வேண்டுமானால், மூன்று கதவு வண்டியையும் ஐந்து கதவு வண்டியையும் அருகருகே வையுங்கள். முன்னதில் அச்சுகளின் இடைத்தூரம் 2,250 மி.மீ.; பின்னதில் 2,590 மி.மீ. வேறுபாடு 34 செ.மீ.

அந்த 34 செ.மீ. என்ன தந்தது? பின் இருக்கைக்குத் தனிக் கதவுகள் கிடைத்தன. சாமான் வைக்கும் இடம் 85 லிட்டரிலிருந்து 208 லிட்டராயிற்று. 85 லிட்டர் என்றால் ஐந்தாறு குடம் தண்ணீர். ஒரு குடும்பத்தின் பயணப் பெட்டிகள் அதில் அடங்கா.

என்ன பறித்தது? மேட்டு முகட்டைத் தாண்டும்போது வயிறு தட்டாமல் செல்லும் கோணம் 28 டிகிரியிலிருந்து 24 டிகிரியாகக் குறைந்தது. திரும்பும் ஆரம் 4.9 மீட்டரிலிருந்து 5.7 மீட்டராக உயர்ந்தது. கால்களை அகற்றி வைத்த மேசையின் நடுவே உயரமான பானை ஒன்று தட்டாமல் நிற்க முடியாதது போலத்தான் இதுவும். குடும்பம் வென்றது, பாறை தோற்றது.

வளைவில் நடந்தது என்ன?

இப்போது ஜவ்வாது மலைக்குத் திரும்புவோம். நான் குறித்துக்கொள்ளச் சொன்ன வாக்கியம் நினைவிருக்கிறதா? நான்கு சக்கர இழுப்பு புதிதாக உராய்வை உண்டாக்குவதில்லை.

வண்டி புறப்படும்போது, சாதாரணக் காரில் இரண்டு சக்கரங்கள்தாம் வேலை செய்கின்றன. நான்கும் வேலை செய்தால் ஆதாயம் உண்டு. ஆனால் நிற்கும்போது? எல்லாக் கார்களுக்கும் நான்கு சக்கரங்களிலும் பிரேக் உண்டு! மலை வண்டிக்கும் நான்குதான். டவுனில் ஓடும் சாதாரணக் காருக்கும் நான்குதான். அங்கே ஆதாயம் ஏதுமில்லை. வளைவில் வண்டியைத் திருப்புவதும் அதே டயர்களின் உராய்வே.

மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டியைப் பிரேக் போட்டு நிறுத்த, உராய்வுக் கெழு 0.7 உள்ள காய்ந்த சாலையில் சுமார் 20 மீட்டர் தேவை. கெழு 0.4 ஆகிவிட்ட ஈரச் சாலையில் சுமார் 35 மீட்டர். வேகத்தின் இருமடியை, 2 × உராய்வுக் கெழு × 9.8 என்பதால் வகுத்து நீங்களே சரிபார்க்கலாம். இந்தச் சூத்திரத்தில், எத்தனை சக்கரங்கள் இழுக்கின்றன என்பதற்கு இடமே இல்லை.

எங்கள் ஓட்டுநர், மூன்று நாளும் சேற்றில் தம் வண்டி ஏறியதைக் கண்டு நம்பிக்கை கொண்டார். ஏறுவதற்குக் கிடைத்த ஆதாயம் நிற்பதற்கும் கிடைக்கும் என்று எண்ணினார். அந்த எண்ணத்துக்கும் உண்மைக்கும் இடையே இருந்த தூரம் பதினைந்து மீட்டர். எங்களை நிறுத்தியது பிரேக் அன்று; யாரோ கொத்தனார் ஒழுங்காகக் கட்டியிருந்த சுவர்.

யாருக்கு ஏற்றது?

வீட்டுக்குச் செல்லும் வழியே பாறையும் சேறுமாக உள்ளவருக்கும், மலையூர்களுக்கு மருந்தும் தபாலும் கொண்டு செல்பவருக்கும், காட்டைக் காப்பவருக்கும் இத்தகைய சிறு வண்டி உற்ற துணை. பெரிய வண்டி செய்வதைக் குறைந்த எடையில், குறைந்த பெட்ரோலில் செய்யும். ஆனால் ஐந்து பேரும் பெட்டிகளுமாக நெடுஞ்சாலையிலேயே நாள்தோறும் செல்லும் குடும்பத்துக்கு, தாழ்ந்து அகன்ற சாதாரணக் காரே வசதி. பாதுகாப்பிலும் அது முந்தி நிற்கக்கூடும். “எது நல்ல வண்டி?” என்ற கேள்வி அரைக் கேள்விதான். “எந்தப் பாதைக்கு?” என்பதையும் சேர்த்தால்தான் அது முழுக் கேள்வி.

நாளை உங்களுள் பலர் வண்டி ஓட்டுவீர்கள். சிலர் வண்டிகளை வடிவமைக்கவும் கூடும். மழை நாளில் மலைச் சாலையில் இறங்கும்போது, வண்டியின் பெயரை நம்பாதீர்கள். உராய்வுக் கெழுவை நம்புங்கள். மெதுவாகச் செல்லுங்கள்.

செய்து பாருங்கள்

1. மரப்பலகை ஒன்றின் மேல் அழிப்பான் ஒன்றை வைத்துப் பலகையை மெல்லச் சாய்த்து வாருங்கள். அழிப்பான் நழுவத் தொடங்கும் கோணத்தைக் கோணமானியால் அளந்து, அதன் டான் மதிப்பைக் கண்டுபிடியுங்கள். அதுவே உராய்வுக் கெழு. பலகையை நீரால் நனைத்து மீண்டும் அளவிடுங்கள்.

2. இதே அழிப்பானின் மேல் ஒரு நாணயத்தைக் கட்டி எடையைக் கூட்டுங்கள். நழுவும் கோணம் மாறுகிறதா?

3. பலகைமேல் உப்புத்தாளை ஒட்டி, நிறைந்த தீப்பெட்டியைப் படுக்க வைத்தும், நெட்டாக நிறுத்தியும் சாய்த்துப் பாருங்கள். எப்போது நழுவுகிறது? எப்போது கவிழ்கிறது? விடை கிடைத்ததும், கூரைமேல் மூட்டை ஏற்றிச் செல்லும் வண்டிகளை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.